சீர் கொடுத்த வண்டி

ஜூன் 3, செவ்வாய்

தாரணி வந்திருக்கிறாள். சொல்லாமல் கொள்ளாமல், பொள்ளாச்சியிலிருந்து தனியாக, தானே ஓட்டிக்கொண்டு. மாப்பிள்ளை கூட வரவில்லை. பெட்டி இரண்டு.

மகளைப் பார்ப்பதற்கு முன் வண்டியைப் பார்த்துவிட்டேன். மூன்று வருடம் முன்பு கல்யாணத்துக்கு நான் சீராகக் கொடுத்த பிக்கப் அது. நான்கு சக்கரமும் இழுக்கும், பின்னால் சாமான் ஏற்றலாம், உள்ளே ஐந்து பேர் உட்காரலாம். வெள்ளைவெளேரென்று வாங்கி, மாலை போட்டு, சங்ககிரியே பார்க்க அனுப்பி வைத்தேன். இப்போது அதை ஏணி வைத்து ஏறும் உயரத்துக்குத் தூக்கி, டிராக்டர் டயர் மாதிரி டயர் மாட்டி, முன்னால் எருமைக் கனத்துக்கு இரும்பு பம்பரும் அதில் சேற்றிலிருந்து இழுக்கும் வின்ச்சும் வைத்திருக்கிறார்கள். கனம் தாங்காமல் முன் ஸ்பிரிங் இரண்டும் அமுங்கி, முன்பக்கம் தணிந்தும் பின்பக்கம் தூக்கியும் நிற்கிறது, முட்ட வரும் கிடா மாதிரி.

"எந்த மடையன் கண்ணு இதத் தூக்குனது?" என்று கேட்டேன்.

நின்று என்னைப் பார்த்தாள். "தண்ணி குடிச்சுப்போட்டு வாரேங்கப்பா" என்று உள்ளே போய்விட்டாள்.

வேறு எந்த மடையன்? லோகேஸ்வரன்தான். என் மாப்பிள்ளை.

ஜூன் 4, புதன்

ருக்குமணி அரைகுறையாகச் சொன்னாள். தாரணிக்கும் அவள் மாமியாருக்கும் வண்டி விஷயமாகத் தகராறாம். மேற்கொண்டு கேட்டால், "உங்க புள்ளயத்தான கேக்கோணும், என்னையக் கேட்டா?" என்கிறாள். நாற்பது வருடக் குடித்தனத்தில் இவளிடமிருந்து ஒரு சங்கதியை முழுதாக வாங்கியதில்லை.

மாப்பிள்ளைக்கு நானே போன் செய்தேன். தென்னந்தோப்பும் நார் மில்லும் வைத்திருக்கிற ஆள், ஆனால் பேச்சு மட்டும் வாயிலிருந்து வெளியே வர யோசிக்கும்.

"என்னங்க மாப்ள, நல்ல வண்டியக் குடுத்தா இப்பிடித்தான் பண்ணி வெப்பீங்களா?"

"ஏனுங்க மாமா, முன் ஸ்பிரிங்கு தணிஞ்சிருக்குமுங்க. அந்தக் கனத்துக்குத் தகுந்த ஸ்பிரிங்கா மாத்தோணுமாம். நீங்க தாரணியவே கேட்டீங்கன்னா..."

"என்ற புள்ளைக்கு ஸ்பிரிங்கப் பத்தி என்னங்க தெரியும்?" என்று வைத்துவிட்டேன். செய்வதையும் செய்துவிட்டு, பழியைப் பெண்டாட்டி தலையில் போடுகிறவன்.

சாயங்காலம் தாரணி, இருபத்திரண்டாம் தேதி குன்னூர்ப் பக்கம் போக வேண்டும் என்றாள். ஏதோ வேலைக்குப் பரீட்சையாம்.

"பஸ்ஸுல போ கண்ணு."

"வண்டியோடதான் வரச் சொல்லிருக்காங்கப்பா."

என்ன வேலை என்று கேட்கவில்லை. குன்னூர் என்று கிளம்புவாள், அப்படியே பொள்ளாச்சிக்கு இறங்கிவிடுவாள். எனக்குத் தெரியாதா?

ஜூன் 5, வியாழன்

மாடி அறைக்குப் பெயின்ட் அடிக்க ஆள் சொல்லிவிட்டேன். வெளிர் மஞ்சள். சின்ன வயதில் அவளுக்குப் பிடித்த நிறம் என்று நினைக்கிறேன். ஏசி மாட்டவும் சொல்லியிருக்கிறேன். அவளிடம் சொல்லவில்லை. இருக்கட்டும், எங்கே போய்விடப் போகிறாள்.

வண்டியை நானே சரி செய்வதென்று முடிவு. ஐந்து லாரி ஓட்டி விற்றவனுக்கு ஒரு பிக்கப்பின் ஸ்பிரிங் பெரிய வேலையா?

ஜூன் 6, வெள்ளி

ஷெட்டில் ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரங்களைக் கழற்றினேன். லாரிக்கு அடியில் கமான் பட்டைதான். அடுக்கு அடுக்காக, கண்ணுக்கு நேராக, ஆண்பிள்ளை மாதிரி இருக்கும். இதில் சுருள். ஷாக் அப்சார்பரைச் சுற்றிக்கொண்டு உள்ளே ஒளிந்திருக்கிறது.

தாரணி வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "மேல இருக்குற நட்ட அப்பிடியே கழட்டிறாதீங்கப்பா. ஸ்பிரிங்க கிளாம்பு போட்டு நெருக்கிப்போட்டுத்தான் கழட்டோணும். தெறிச்சா தலையப் பேத்துரும்."

"அப்பனுக்குச் சொல்லித் தாரியா? போயி அம்மாளுக்குக் காய் அரிஞ்சு குடு."

போகவில்லை. வண்டியின் பின் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு கிளாம்பை எடுத்து என் காலடியில் வைத்துவிட்டுப் பிறகு போனாள். மாப்பிள்ளை வண்டியிலேயே வைத்திருக்கிறான், பெரிய மெக்கானிக் என்ற நினைப்பு. சரி, இருந்ததால் போட்டேன்.

கழற்றிப் பார்த்தால் இரண்டு ஸ்பிரிங்கும் ஒன்றுக்கொன்று உயரம் வேறு. வலதுபக்கத்தது கொஞ்சம் நீளம். இரண்டும் ஒரே உயரத்தில் இல்லாதது எந்த ஊர் நியாயம்?

ஜூன் 7, சனி

மாணிக்க ஆசாரியின் பட்டறைக்கு இரண்டு ஸ்பிரிங்கையும் எடுத்துப் போனேன். என் லாரிகளின் கமான் பட்டை எது தொய்ந்தாலும் அவன்தான் காய்ச்சி, அடித்து, வளைவு ஏற்றித் தருவான். அடித்துத் தந்தால் அடுத்த வருடம் வரைக்கும் பேசாது.

"கமானே நம்ம கையில நிமிருது, இது சுண்டக்காயிங்கண்ணா" என்றான். உலையில் போட்டுச் சிவக்கக் காய்ச்சி, இழுத்து நீட்டி, எண்ணெயில் முக்கினான். நீளமாக இருந்ததையும் குட்டையாக இருந்ததையும் சரிசமமாக ஆக்கச் சொன்னேன். கச்சிதமாகச் செய்தான்.

புது ஸ்பிரிங் மாற்ற வேண்டுமாம் மாப்பிள்ளைக்கு. ஒன்று கெட்டால் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று வாங்குகிற தலைமுறை.

ஜூன் 9, திங்கள்

மழை வரும் போலிருந்தது. வரவில்லை. ஷெட் பக்கம் போகவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

மழை இல்லை. முதுகு பிடித்துக்கொண்டது போலிருந்ததால் இன்றும் வேலை செய்யவில்லை. ஏசி மாட்டினார்கள். முதுகோடு நான்தான் மாடிக்கு ஏழெட்டுத் தடவை ஏறி இறங்கினேன்.

"முதுகு மாடிக்கு மட்டும் வருதாக்கும்?" என்றாள் ருக்குமணி.

தாரணி போனில் யாரோ பெண்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். என்னோடு பேசும்போது அந்தச் சிரிப்பு இல்லை.

ஜூன் 11, புதன்

மாட்டிவிட்டேன். சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே, சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்ம் போல்ட்டை முறுக்கினேன். மறுபடி வந்து நின்றாள்.

"அத இப்ப முழுசா முறுக்காதீங்கப்பா. சக்கரம் தரையில ஊனி வண்டிக் கனம் மேல எறங்குன பொறகு முறுக்கோணும். தொங்கறப்ப முறுக்குனா உள்ள ரப்பர் புஷ்ஷு முறுக்கிக்கிட்டே நிக்கும், கிழிஞ்சு போயிரும்."

"இதெல்லாம் உன்ற ஊட்டுக்காரன் சொல்லிக் குடுத்ததா?"

அவன் பேச்சை எடுத்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஸ்பேனரில் பைப்பைக் கோர்த்து, ஏறி நின்று முறுக்கினேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இறக்கினால், அடடா! முன்பக்கம் ஜம்மென்று நிமிர்ந்து நிற்கிறது. போட்டோ எடுத்து மாப்பிள்ளைக்கு அனுப்பினேன். "நல்லதுங்க மாமா" என்று பதில் வந்தது. தோற்றவன் வேறென்ன சொல்வான்.

ஜூன் 12, வியாழன்

தாரணியும் ருக்குமணியும் கோயிலுக்குப் போயிருந்தபோது பார்சல் வந்தது. தூக்க முடியாத கனம். பிரித்துப் பார்த்தேன். புதுச் சுருள் ஸ்பிரிங் இரண்டு, தடித்த கம்பி. கோயமுத்தூர்க் கடை. மேலே தாரணி என்றுதான் பெயர் எழுதியிருக்கிறது, ஆனால் அனுப்பச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியாதா? நான் போட்டோ அனுப்பின மறுநாளே வருகிறது! மாமனார் செய்த வேலை லாயக்கில்லை என்று சொல்லாமல் சொல்கிறான். என்னை என் ஷெட்டிலேயே வைத்து அவமானப்படுத்துகிறான்.

பரணில் தூக்கிப் போட்டு, பழைய தார்ப்பாயால் மூடிவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

"எனக்குப் பார்சல் ஏதாச்சும் வந்துச்சுங்களாப்பா?"

"இல்லியே."

ருக்குமணி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். மதியம் எனக்கு மட்டும் நேற்றைய ரசம்.

ஜூன் 16, திங்கள்

பரமத்தி வரைக்கும் ஒரு எட்டுப் போய் வந்தேன். வரும்போதே பள்ளத்தில் விழும்போதெல்லாம் அடியில் கீச்சென்று சத்தம். வீட்டுக்கு வந்து பார்த்தால் முன்பக்கம் பழைய உயரத்தைவிடவும் கீழே போயிருக்கிறது. அதிலும் வலதுபக்கம் அதிகம் சாய்ந்து நிற்கிறது.

வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ருக்குமணி சொன்னாள்: "கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கும்பாங்க. உங்களுது அஞ்சு நாளுதான் தாங்குச்சு."

எல்லாவற்றுக்கும் காரணம் அந்த பம்பர். அதைக் கழற்றி எடைக்குப் போட்டால் வண்டி தானாக நிமிரும். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனேன். தாரணி குறுக்கே வந்து நின்றாள்.

"அதுல கை வெக்காதீங்க."

'அப்பா' இல்லை, ஒன்றும் இல்லை. பிறந்ததிலிருந்து என்னிடம் அந்தக் குரலில் அவள் பேசியதில்லை. கணவன் மாட்டிய இரும்புக்காக அப்பனிடம் இப்படி நிற்கிறாளே என்று மனது வெந்துபோனது.

"மூளையுள்ள எவனாச்சும் இப்பிடி ஒரு கருமாந்தரத்த முன்னால மாட்டுவானா? வண்டியப் பாத்தாவே மாட்டுனவன் லட்சணம் தெரியுது" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். அசையாமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.

ஜூன் 17, செவ்வாய்

இரவெல்லாம் யோசித்து, காலையில் சொல்லிவிட்டேன். "வண்டி மலை ஏறாது. குன்னூரும் வேண்டாம், பரீட்சையும் வேண்டாம். மேல ரூமு ரெடியா இருக்குது, இங்கயே இரு. உன்ற அப்பன் இன்னும் சாகல."

மாடியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "நல்லா இருக்குதுங்கப்பா" என்றாள். அவ்வளவுதான்.

பிறகு முற்றத்தில் நின்று போன் பேசினாள். வந்ததிலிருந்து அவனோடு பேசுவது இதுவே முதல் தடவை. "இல்ல, நான் சொல்ல மாட்டேன். நீங்க வாங்க. வந்து உங்க வாயால சொல்லுங்க" என்றாள்.

ஆக, கூட்டிப்போக வருகிறான். வரட்டும். பேச எனக்கும் நிறைய இருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

காலையில் பஸ்ஸில் வந்து இறங்கினான், கையில் ஒரு பையோடு. என்ன கோபமானாலும் மாப்பிள்ளைக்கு இலை போடாமல் பேசக்கூடாது என்பது எங்கள் வழக்கம். இட்லியும் குருமாவும் போட்டாள் ருக்குமணி. நான் எதிரில் உட்கார்ந்து அவன் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு இட்லிக்கு மேல் அவனுக்கு இறங்கவில்லை.

கை கழுவியதும் ஷெட்டுக்குக் கூட்டிப்போய் ஆரம்பித்தேன். பதினாறு நாளாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டினேன். சீர் கொடுத்த வண்டியைச் சீரழித்தவன், பெண்டாட்டியை நடுத்தெருவில் விட்டவன், பார்சல் அனுப்பி மாமனாரைக் குத்திக் காட்டுகிறவன். கடைசியில் கேட்டேன், "எந்தப் பட்டறைல குடுத்து இப்பிடித் தூக்குனீங்க? அந்த மடையன் பேராச்சும் சொல்லுங்க."

தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான்.

"மாமா, இந்த வண்டில ஒரு போல்ட்டக்கூட நான் தொட்டதில்லீங்க. எனக்கு ஸ்டெப்னி மாத்தவே தெரியாதுங்க."

"பின்ன?"

"எல்லாம் தாரணி பண்ணுனதுங்க. ரெண்டு வருசமா கோயமுத்தூர்ல ஒரு பட்டறைல நின்னு கத்துக்கிட்டா. தூக்குனது, பம்பர் மாட்டுனது, எல்லாம் அவ கையாலதான். சேத்துலயும் பாறைலயும் ஓட்டற போட்டில ரெண்டு கப்பு வாங்கிருக்கா. அந்த ஸ்பிரிங்கும் நான் அனுப்பலீங்க. அவளே ஆர்டர் போட்டது."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். ஷெட் வாசலில் கதவில் சாய்ந்து நின்றிருந்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

"ஏங்க மாப்ள, இத மொத நாளே போன்ல சொல்றதுக்கென்ன?"

"சொல்ல வேண்டாம்னு அவ மெசேஜ் போட்டுட்டா. நீங்க என்னையத் திட்டுனா திட்டிட்டுப் போறீங்கன்னு இருந்துட்டேன். ஆனா..." தாரணி பக்கம் திரும்பினான். "எங்கம்மா அவளத் திட்டுனப்பவும் அப்பிடியேதானுங்க நின்னேன். பொம்பள சேத்துல பொரண்டு வண்டி ஓட்டறாளான்னு ஊருக்கே கேக்கற மாதிரி கத்துனாங்க. நான் வாயத் தொறக்கல. அன்னைக்கே கெளம்பி வந்துட்டா."

ருக்குமணி வந்தாள். யாரையும் பார்க்காமல் ஏணியைச் சாய்த்துப் பரணில் ஏறினாள். தார்ப்பாயை விலக்கி, "மாப்ள, ஒரு கை புடிங்க" என்றாள். இருவரும் பெட்டியை இறக்கித் தாரணி முன்னால் வைத்தார்கள்.

தாரணி பெட்டியைப் பார்த்தாள், பிரித்திருந்த ஒட்டுத்தாளைப் பார்த்தாள். "எப்ப வந்துச்சு?" என்று அம்மாவைக் கேட்டாள். என்னைக் கேட்கவில்லை.

ருக்குமணிக்கு எல்லாம் முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. நாற்பது வருடம்!

ஜூன் 20, வெள்ளி

விடிந்ததும் தாரணி வேலையில் இறங்கினாள். பழைய சுடிதார், தலையில் துண்டு. மாப்பிள்ளை டீ கொண்டு வந்து கொடுத்தான். நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். போகச் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை.

ஆசாரி காய்ச்சிய ஸ்பிரிங்கைக் கழற்றி என் பக்கம் உருட்டிவிட்டாள். நீட்டியதெல்லாம் சுருங்கி, வளையம் வளையத்தோடு ஒட்டிக் கிடந்தது. பட்டையைக் காய்ச்சுவதுபோல் சுருளைக் காய்ச்சினால் அதன் விறைப்பே செத்துவிடுமாம். மாப்பிள்ளை கேட்டான், அவனுக்குச் சொன்னாள். நானும் கேட்டுக்கொண்டேன். ஓட்டுகிறவன் உட்காரும் பக்கம் கனம் என்பதால் அந்தப் பக்கத்துக்கு நீளமான ஸ்பிரிங் போடுவார்களாம். இரண்டையும் சமமாக்கச் சொன்ன அந்த அறிவாளி யார் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அறைந்திருப்பேன்.

கீழ் ஆர்மில் ரப்பர் புஷ் இரண்டும் கிழிந்திருந்தன. அதற்கும் அவளிடம் புதிது இருந்தது. போல்ட்டைக் கையால் மட்டும் ஏற்றிவிட்டு, சக்கரம் மாட்டி, வண்டியை இறக்கி, இரண்டு தரம் குதித்து அழுத்திவிட்டு, அப்புறம் கீழே படுத்து முறுக்கினாள். நான் பைப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

"வேண்டாங்கப்பா. அளவா முறுக்குனாப் போதும்."

மத்தியானத்துக்குள் முடிந்தது. வண்டி முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் நின்றது. அப்போதுதான் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏன் கண்ணு, நீதான்னு ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லிருக்கலாமில்ல?"

கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "சொல்லத்தானுங்கப்பா வந்தேன். நீங்க இருக்கற தைரியத்துலதான் அந்த ஊட்ட உட்டுப்போட்டு வந்தேன். வாசல்ல நின்னு எந்த மடையன் தூக்குனதுன்னு கேட்டீங்க. எங்க மாமியாரும் அதத்தான் கேட்டாங்க. அவிய கொஞ்சம் மரியாதையாக் கேட்டாங்க."

மாப்பிள்ளை தரையைப் பார்த்தான். நானும் வேறெங்கோ பார்த்தேன். யார் என்று தெரியாமல்தானே திட்டினேன் என்று வாய்வரை வந்தது. 'தெரிஞ்சிருந்தா திட்டிருக்க மாட்டீங்களா' என்று அவள் திருப்பிக் கேட்பாள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஜூன் 21, சனி

கிளம்பிவிட்டாள். பெட்டி இரண்டும் வண்டியில் ஏறின.

"பரீட்ச முடிஞ்சு எங்க போற கண்ணு? பொள்ளாச்சிக்கா?"

"இல்லீங்கப்பா. வேல கெடச்சா அங்கயே ரூமு தர்றாங்க."

"கெடைக்காட்டி?"

"வேற பாத்துக்கறேன்."

மாடி அறையைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். மாப்பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு, "நானும் வரட்டுமா?" என்றான். "நீங்க பஸ்ல போங்க. உங்கம்மாகிட்டப் பேசிப்போட்டு, பொறகு போன் பண்ணுங்க" என்றாள். அம்மாவிடம் மட்டும் கட்டுச்சோறு வாங்கிக்கொண்டாள். இவ்வளவு உயர வண்டியில் ஒரே எட்டில் ஏறி உட்கார்ந்தாள். முக்குத் திரும்பும்போது வண்டி கொஞ்சம்கூடச் சாயவில்லை.

மத்தியானம் நானும் மாப்பிள்ளையும் சாப்பிட உட்கார்ந்தோம். ருக்குமணி சோற்றுக் குண்டாவை எங்கள் நடுவில் வைத்தாள். "ரெண்டு பேரும் போட்டுச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளைக்கு இந்த வீட்டில் இப்படி நடந்ததில்லை. எனக்கும்தான். அவனைப் பார்க்க எரிச்சலாக இருந்தது. அவனுக்கும் என்னைப் பார்க்க அப்படித்தான் இருந்திருக்கும். குழம்பை யார் முதலில் ஊற்றுவது என்று வெகுநேரம் தெரியவில்லை.

ஜூன் 23, திங்கள்

காலையில் ருக்குமணியின் போனுக்குத் தாரணி கூப்பிட்டாள். மேட்டிலும் பள்ளத்திலும் வண்டி ஓட்டப் பழக்குகிற பள்ளியாம் அது. பழக்கிவிடும் வேலைக்கு இவளை எடுத்துக்கொண்டார்களாம். எடுத்ததில் இவள் ஒருத்திதான் பெண். ருக்குமணி வேண்டுமென்றே ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் இரண்டடி தள்ளிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா இங்கதான் இருக்காங்க. குடுக்கட்டுமா சாமி?"

பேப்பரை மடித்துவிட்டுக் கையை நீட்டினேன்.

"வேண்டாம்மா. வண்டி நல்லா நிக்குதுன்னு மட்டும் சொல்லிரு."

வைத்துவிட்டாள். ருக்குமணி என் பக்கம் திரும்பி, நான் காதில் வாங்காத மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாக அதை எனக்குச் சொன்னாள்.